நீலத் தொப்பியும் புது ஸ்ரேடியமும்

என் இடத்தைப் பறித்த மனிதரை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். சாதகக் குறிப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எதிர்க்காற்றில், இரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போனேன். பருத்தித்துறைக்கு மேற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அதற்கு அடுத்த ஊரில்தான் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தோம். நல்ல உழைப்பாளி, குடி இல்லை, குறிப்பும் பொருந்தியது. இவை எல்லாம் வீட்டுக்கு நான் சொன்ன காரணங்கள். என் மனதுக்குள் இருந்த காரணம் வேறு. அவர் அந்த ஊர்ப் பந்தாட்டக் குழுவின் கோல்காப்பாளர். எங்கள் ஊரின் கோல்காப்பாளர் நான். அவர் கல்யாணம் முடித்து வெளியேறினால் அடுத்த ஊரின் கோல் காலியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எங்கள் லீக்கின் விதியோ, ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் ஆடலாம். இந்த இரண்டையும் பிறந்ததிலிருந்து தெரிந்து வைத்திருந்த நான், இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அவர் அந்த ஊர்க் கோலை விட்டு வருவார் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது. வந்து எங்கே நிற்பார் என்று யோசித்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

சந்தியில் இருந்தவர்கள் என்னைச் சும்மா விடவில்லை.

"தங்கச்சிக்கு என்ன சீதனம் குடுத்தனீங்கள்? வீடும் வளவும் மட்டுமோ, கோல் போஸ்ற்றும் சேர்த்தோ?"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பி வேறு பாதையால் போனேன்.

மச்சான் என்னைவிட ஒரு சாண் உயரம். அது போகட்டும், உயரத்துக்கு யார் என்ன செய்ய முடியும். எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது அவர் பந்து பிடிக்கும் விதம். நான் பாய்ந்து விழுந்து, வாயெல்லாம் மணலோடு எழும்பும்போது சனம் கைதட்டும். ஏழு வருஷம் அந்தக் கைதட்டலில்தான் வாழ்ந்தேன். அவர் பாய்வதே இல்லை. பந்து எங்கே வருமோ அங்கே முதலே போய் நின்று, மரத்தில் மாங்காய் ஆய்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுப்பார். நான் இவ்வளவு காலமும் பாய்ந்ததெல்லாம் பிழையான இடத்தில் நின்றதால்தான் என்பது அவரைப் பார்த்த பிறகு ஊருக்கே விளங்கிவிட்டது.

எங்கள் அணித் தலைவர் இரண்டு படகு வைத்திருந்த சம்மாட்டி. என்னைவிடப் பத்து வயது மூப்பு. பந்திலும் சரி, கடலிலும் சரி, அவர் சொன்னால் சொன்னதுதான்.

"இந்த வருசம் மச்சான் நிக்கட்டும். நீ பக்கத்திலை இரு" என்றார். அவ்வளவுதான். படகில் பழைய கயிறு மாற்றுவதற்குக்கூட இதைவிடக் கூடக் கதைப்பார்.

குழுவில் கோல்காப்பாளருக்கென்று ஒரு மஞ்சள் ஜேர்சி இருந்தது. முதுகில் ஒன்று என்ற இலக்கத்தைத் தைத்தது தங்கச்சி. என் தோளுக்கு அளவாக இருந்ததை அவருக்காகப் பிரித்து அகலமாக்கித் தைத்தாள். எனக்கு முன்னாலேயே இருந்து தைத்தாள். அவள் எனக்கென்று செய்ததில் மிஞ்சியது ஒரு தொப்பிதான். நீலத் துணி, முன்னுக்கு நீண்ட சொண்டு, உள்ளே கடதாசி மட்டை. வெளியூர் மைதானங்களில் வெயிலுக்குப் போடுவதற்காக, அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தைத்துத் தந்தது. அதை ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசி மாதம். எங்கள் ஊரும் அடுத்த ஊரும் இறுதியாட்டத்துக்கு வந்தன. ஊர் மைதானத்தில் நடக்கவேண்டிய ஆட்டம். ஆனால் அந்த வருஷம் லீக்காரர் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பெரிய ஸ்ரேடியம் புதிதாக எழும்பியிருந்தது. கொழும்பில் இருப்பதற்குக் குறையாதது, நாட்டு அணிகளே வந்து ஆடலாம் என்று சொன்னார்கள். அதில் ஆட நாட்டு அணி எதுவும் வரவில்லை. அதனால் எங்களைப் பிடித்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இரண்டு மைல்தான் கிடந்தது. பந்தடிக்க இருபது மைல் பஸ் ஏறவேண்டும் என்று ஊர் முணுமுணுத்தது. ஆனால் உள்ளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஆசை. எனக்கு எல்லோரையும்விட ஆசை. ஏழு வருஷம் மணலில் உருண்டவன் நான். புல்லுக்கு வந்த வருஷம் பார்த்து மைதான ஓரத்து வாங்கில் இருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முதல்நாள் ஸ்ரேடியத்தை ஆயத்தப்படுத்த ஒவ்வொரு குழுவும் இரண்டு பேரை அனுப்பவேண்டும் என்றார்கள். ஆடுகிறவர்கள் களைக்கக் கூடாது அல்லவா? எங்கள் ஊரிலிருந்து போனவர்களில் ஒருவன் நான். மத்தியானம் போய் இறங்கினோம்.

முதலில் பார்த்தபோது நான் கோபத்தை மறந்துபோனேன். வடக்கிலும் கிழக்கிலும் படிப்படியாக உயர்ந்த மேடைகள். எங்கள் ஊரையும் அடுத்த ஊரையும் ஆடு மாடு உட்படக் கொண்டுவந்து இருத்தினாலும் பாதி வெறுமையாகக் கிடக்கும். மேற்குப் பக்கம் இன்னும் கட்டவில்லை, வெளியாக இருந்தது. கோல்களைக் கிழக்கும் மேற்குமாக நட்டிருந்தார்கள், எங்கள் ஊர் மைதானத்தைப் போலவே. நடுவில் புல். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

முதலில் கிழக்கு மேடையின் உச்சியில் ஏறிக் கொடிகள் கட்டினேன். கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று, நல்ல பலமாக அடித்தது. கொடித் துணியைக் கையிலிருந்து பிடுங்கியது. பிறகு இறங்கி வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன். தூள் நேராகக் கீழே விழுந்தது. ஒரு துளிகூடப் பறக்கவில்லை. மேலே பார்த்தால் கொடிகள் படபடவென்று அடிக்கின்றன. கீழே மூச்சுக் காற்றுக்கூட இல்லை. மேடைகள் காற்றை முழுவதும் மறித்துவிட்டன.

கடைசி வேலை வலை கட்டுவது. கிழக்குக் கோலுக்கு வலை கட்டி முடிய ஐந்தரை மணி ஆகிவிட்டது. ஒருவரும் பார்க்காத நேரத்தில் கோலின் நடுவில் போய் நின்று கையை விரித்துப் பார்த்தேன். நேர் எதிரே மேற்கு வெளியில் சூரியன். கண்ணுக்குள் குத்தியது.

"அண்ணை, பிடியுங்கோ!" என்று அடுத்த ஊர்க்காரன் ஒருவன் கயிற்றுச் சுருளை எறிந்தான். எனக்குத் தெரியவே இல்லை. அது நெஞ்சில் வந்து மோதியது.

ஏழு வருஷம் கோலுக்குள் நின்றவனுக்கு மிச்சம் விளங்க ஒரு நிமிஷம் போதும். எங்கள் ஊரில் நாணயத்தைச் சுண்டி வென்றால் பக்கம் எடுப்பதற்கு ஒரே ஒரு முறைதான். கடலுக்குப் போகும்போது காற்று எப்படி இருந்தாலும் பரவாயில்லை, களைத்துக் கரைக்குத் திரும்பும்போது அது முதுகில் இருக்கவேண்டும். பந்திலும் அப்படியே. இரண்டாம் பாதியில் காற்று முதுகில் இருக்கிற மாதிரித்தான் பக்கம் எடுப்போம். மாசியில் கொண்டல் என்றால் இரண்டாம் பாதிக்குக் கிழக்குக் கோல். ஊர் மைதானத்தில் அதனால் ஒரு கரைச்சலும் இல்லை. மேற்கே பெரிய பனங்கூடல் நின்றது, ஐந்து மணிக்கே சூரியனை மறைத்துவிடும். இங்கே பனையும் இல்லை, காற்றும் இல்லை. பழக்கத்தில் பக்கம் எடுத்தால் கோல்காப்பாளர் கடைசி அரைமணித்தியாலமும் குருடன்.

பஸ்ஸில் வரும்போது இதைச் சம்மாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று வரி வரியாக ஆயத்தப்படுத்தினேன். வாங்கில் இருப்பவன்தான் ஆட்டத்தை வெல்ல வைத்தான் என்று ஊர் கதைக்கவேண்டும். காலையில் முதல் வேலையாகச் சொல்வது என்று படுத்தேன்.

காலையில் தங்கச்சி விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். ஆட்ட நாளில் மீன் தலை ஆடுகிறவருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழு வருஷமும் தலை என் சோற்றுக் கோப்பையில்தான் விழுந்தது. அன்றைக்கும் பழக்கத்தில் என் கை நீண்டது.

"அண்ணை, இண்டைக்குத் தலை இவருக்கெல்லோ" என்றாள்.

மச்சான், "அவருக்கே போடும், எனக்கு முள்ளு எடுக்கப் பஞ்சி" என்றார். அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொன்றது. கேட்டு வாங்கியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், எரிச்சலும் ஆறியிருக்கும். வால் துண்டைத் தின்றுவிட்டு எழும்பினேன். சம்மாட்டி வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

பஸ்ஸில் சம்மாட்டி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நேற்றுப் போனனீ, கிறவுண்ட் எப்பிடி?"

"நல்ல புல்லு. மெத்தை மாதிரிக் கிடக்கு."

"வேறை?"

"வேறையென்ன, பெரிய இடம்தான்."

அவர் தலையாட்டினார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

இரண்டு ஊர்ச் சனமும் வந்திருந்தும் மேடைகளில் ஆங்காங்கே கொத்துக் கொத்தாகத்தான் ஆட்கள் தெரிந்தார்கள். ஊர் மைதானத்தில் காதுக்குள் கேட்கும் கூச்சல் இங்கே எங்கேயோ தூரத்தில் கேட்டது. நாணயம் சுண்டினார்கள். சம்மாட்டி வென்றார். ஊரில் என்றால் ஒரு பிடி மணல் அள்ளி மேலே விட்டுப் பார்ப்பார். இங்கே மணல் இல்லை. தலையை நிமிர்த்தி, பாய்மரத்தைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கி, கிழக்கு மேடைக் கொடிகளைப் பார்த்தார். நான் கட்டிய கொடிகள். படபடவென்று அடித்தன.

"மேற்குக் கோல்" என்றார். இரண்டாம் பாதிக்குக் கிழக்கு. அடுத்த ஊர்த் தலைவர் முகம் சுருங்கிப் போனது. அவரும் கடல்காரர்தான்; வென்றிருந்தால் அவரும் அதையே கேட்டிருப்பார். வாங்கிலிருந்து எழும்பி இரண்டு எட்டு வைத்தேன். பிறகு கோலை நோக்கி நடந்துபோன அந்த மஞ்சள் முதுகைப் பார்த்தேன். திரும்பி வந்து இருந்துவிட்டேன்.

முதல் பாதியில் மச்சான் நின்ற நிலையை நான் என் வாழ்நாளில் நின்றதில்லை. ஒரு தண்ட உதையைக்கூடப் பிடித்தார். தடுத்துத் தள்ளவில்லை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். எழுந்து நின்று கத்தின சனத்தில் என் பக்கத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள். நானும் எழும்பவேண்டியதாயிற்று. கைதட்டினேன். அந்தப் புல்லும் அந்தக் கூச்சலும் எனக்கு வரவேண்டியவை என்பதைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் இல்லை.

இடைவேளையில் இரண்டு அணிக்கும் கோல் இல்லை. மச்சான் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து மேற்கே பார்த்தார்.

"மச்சான், வெயில் முகத்துக்கு நேரை வரும் போலை கிடக்கு. உங்கடை நீலத் தொப்பி கொண்டு வந்தனீங்களோ?"

தொப்பி என் பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது. ஒருவேளை அவருக்குக் காயம் பட்டு நான் இறங்கவேண்டி வந்தால் என்று கொண்டுவந்திருந்தேன்.

"இல்லை மச்சான். வீட்டிலை விட்டிட்டன்."

"அது பரவாயில்லை" என்று போனார். நான் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இடம் போனது, ஜேர்சி போனது, மீன் தலை போனது. இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு சின்னப் புத்தி.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து அடுத்த ஊர்க்காரன் ஒருவன் குறி ஒன்றும் இல்லாமல் உயர்த்தி அடித்தான். சின்னப் பிள்ளையும் பிடிக்கக்கூடிய பந்து. அது சூரியனுக்குள் போனது. மச்சான் ஒரு கையால் கண்ணை மறைத்தார், மறு கையால் முன்னுக்குத் துழாவினார். பந்து அவருக்குப் பின்னால் விழுந்து, ஒரு தரம் துள்ளி, நான் கட்டிய வலைக்குள் மெல்ல உருண்டு போனது.

உருண்டு முடியும் வரைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

பிறகுதான் சத்தம் கேட்டது. எங்கள் சனம் இருந்த பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்.

"மாப்பிள்ளை பிறந்த ஊருக்குச் சீதனம் குடுத்திட்டார்!"

என்னைச் சீண்டிய அதே பகிடி, இப்போது கத்தியாகத் திரும்பியிருந்தது. அடித்தது அவர் பிறந்த ஊர். விட்டது அவர். வேறு விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. விசில் ஊதியபோது சம்மாட்டி அவரைக் கடந்து போனார், முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் என்று மச்சான் அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஊரில் யார் நம்புவார்கள்? எங்கள் மைதானத்தில் வெயில் கண்ணில் பட்டு ஒருவரும் கோல் விட்டதில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் மச்சானுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, பிறகு சனம் நெருக்கியபோது வேறு வழியில்லாமல் இருந்தார்கள். நான் நின்றுகொண்டு வந்தேன். நிற்கிறவர்களின் பையை இருக்கிறவர்கள் வாங்கி மடியில் வைப்பது வழக்கம். அவர் கையை நீட்டினார், நானும் யோசிக்காமல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. அவர் பையை அணைத்துக்கொண்டு, அதன் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுப் படலையில் தங்கச்சி நின்றாள். செய்தி எங்களுக்கு முதலே வந்திருந்தது.

"வெயில் எண்டு இவர் சொல்லுறார். அண்ணை, அந்தத் தொப்பியை ஒருக்கால் குடுத்திருக்கலாமெல்லோ?"

"வீட்டிலை விட்டிட்டுப் போட்டன்" என்றேன். மச்சான் பக்கத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் வீடு முழுவதும் தொப்பியைத் தேடினாள். நான் பையைத் திறந்து பார்த்தேன், அதிலும் இல்லை. பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்வது எனக்கு வசதியாக இருந்தது.

மச்சான் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. கடலும் வீடும் என்று இருந்தார். மீன் சந்தையில் பெண்கள் தங்கச்சியின் காதுபட, "ஊரை வித்த மனிசன்" என்று கதைத்தார்கள். அவள் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். சம்மாட்டி என்னைத் திரும்பக் கூப்பிட்டார். மஞ்சள் ஜேர்சியைத் தங்கச்சி மறுபடி பிரித்து என் அளவுக்குத் தைத்துத் தந்தாள். புது ஸ்ரேடியத்தில் அடுத்த வருஷம் நிற்பேன் என்று கனவு கண்டேன். அந்த வருஷம் ஆடி மாதக் கலவரத்தோடு நாடு வேறு நாடானது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் பந்தோடு ஒருவரும் போகவில்லை. அந்தப் புல்லில் எங்கள் ஊருக்காக நின்ற ஒரே கோல்காப்பாளர் இன்றைக்கும் அவர்தான்.

ஏழு வருஷம் போனது. இளம் ஆட்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். அதனால் முப்பத்து நாலு வயதிலும் நான்தான் கோலில். தொண்ணூறாம் ஆண்டு சித்திரையில், சண்டை ஓய்ந்திருந்த சில வாரங்களில், பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு ஆட்டத்துக்குப் போனோம். ஏழு வருஷமாக ஒரு ஆட்டமும் பார்க்க வராத மச்சான் அன்றைக்கு எங்கள் வான் வண்டியில் ஏறி ஒரு மூலையில் இருந்தார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் பாதியில் எனக்குக் கிடைத்தது கிழக்குக் கோல். எதிரே மரம் ஒன்றும் இல்லாத தோட்ட வெளி. சூரியன் இறங்க இறங்க எனக்குப் பந்து பாதிதான் தெரிந்தது. நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். கோலுக்குப் பின்னால் காலடி கேட்டது.

"மச்சான்."

வலைக்குப் பக்கவாட்டால் ஒரு கை நீண்டு வந்தது. அதில் நீலத் தொப்பி. தோய்த்து, நாலாக மடித்து, சொண்டு உடையாமல் வைத்திருந்தார்.

"வெயில் நேரை வருது. போடுங்கோ."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். வாங்கிப் போட்டேன். போட்டதும் மைதானம் முழுவதும் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று பந்தையும் பிடித்தேன். வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். அவர் கோலுக்குப் பின்னால் நின்று கைதட்டினார். ஸ்ரேடியத்தில் நான் தட்டின மாதிரி இல்லை, உண்மையாகவே தட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி படலையைத் திறந்தாள். முதலில் என் தலையைத்தான் பார்த்தாள்.

"உது நான் தைச்ச தொப்பியெல்லோ! எங்கை கிடந்தது?"

நான் வாயைத் திறந்தேன். ஏழு வருஷமாக ஊர் அவருக்கு வைத்திருந்த பெயரை அந்த ஒரு நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம். குறைந்தது அவளுக்காவது சொல்லியிருக்கலாம். மச்சான் எனக்கு முதல் சொன்னார்.

"வீட்டிலைதான் கிடந்தது. பழைய வலைப் பெட்டிக்குள்ளை. அண்ணை அண்டைக்குச் சொன்னவரெல்லோ, வீட்டிலை விட்டிட்டன் எண்டு."

நான் சொன்ன அதே பொய். என் குரல் அன்றைக்கு நடுங்கியது. அவருடைய குரல் நடுங்கவில்லை. தங்கச்சி நம்பிவிட்டாள். பந்தைப் பிடிப்பதுபோல, என் பொய்யைக்கூட அவர் என்னைவிட நன்றாகப் பிடித்திருந்தார். அப்போதும் எனக்கு வந்தது எரிச்சல்தான்.

"ஓம், வீட்டிலைதான் கிடந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.